ஓல்ட் அண்ட் இன் தி வே: கலைந்துபோன குழுவின் முதல் ஆல்பம்

"ப்ளூகிராஸ் கேட்கத் தொடங்கலாம் என்று விசாரித்தால், ஆளாளுக்கு 'ஓல்ட் அண்ட் இன் தி வே' குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், அது ராக் ரசிகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆல்பம், ப்ளூகிராஸ் தெரிந்தவர்களுக்கு அதன்மீது பெரிய மரியாதை கிடையாது என்றும் படித்தேன். எது உண்மை? வெளிவந்தபோது அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?" இதுதான் கேள்வி.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதுதான் தப்பு என்று நினைக்கிறேன். ராக் ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள், சரி. அவர்கள் கொண்டாடியது நீர்த்துப்போன ப்ளூகிராஸை அல்ல. டிரம்ஸ் கிடையாது, மின்கிதார் கிடையாது. ஐந்து மரக்கருவிகளும் மூன்று குரல்களும்தான். உள்ளே எந்தச் சமரசமும் செய்யாமல் ஒரு ஆல்பம் வெளியாட்களை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போனது. அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ப்ளூகிராஸ் என்றால் என்ன என்று சுருக்கமாக. கென்டக்கி மாநிலத்துக்குப் 'ப்ளூகிராஸ் மாநிலம்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அங்கே பிறந்த பில் மன்ரோ, 1930களின் இறுதியில் தான் தொடங்கிய குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். குழுவின் பெயரே பிறகு இசைக்கும் பெயராகிவிட்டது. 1945 இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் அந்தக் குழுவில் சேர்ந்து, மூன்று விரல்களால் பேஞ்சோவில் மழைபோலச் சுரங்களைக் கொட்டியபோதுதான் இந்த இசை இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்தது. பேஞ்சோ, மாண்டலின், பிடில், கிதார், நின்று வாசிக்கும் பெரிய பேஸ். பாட்டின் நடுவே ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் பங்கை வாசித்துவிட்டுப் பின்னால் போவார்கள். பாடும் குரல் உச்சத்தில், கொஞ்சம் அழுகை கலந்து நிற்கும்.

இதில் எனக்குப் பிடிபட நாளான ஒரு விஷயம் தாளம். முதல் சில தடவை இந்த ஆல்பத்தைக் கேட்டபோது டிரம்ஸ் இல்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்ட ஒரு ராத்திரிதான் காரணம் புரிந்தது. ஒன்று, மூன்று என்ற எண்ணிக்கையில் பேஸ் 'தும்' என்று விழுகிறது. இரண்டு, நான்கில் மாண்டலின் 'சக்' என்று வெட்டுகிறது. மாண்டலின்காரர் தந்திகளை அழுத்திய கையைச் சட்டென்று தளர்த்தி, நாதம் நீளாமல் நறுக்கிவிடுகிறார். 'தும்-சக், தும்-சக்.' டிரம்ஸ் வேலையை அவர்கள் இருவருமே பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் பிறகு எந்த ப்ளூகிராஸ் பாட்டிலும் அது கேட்காமல் இருக்காது.

இனி குழுவுக்கு வருவோம். 1973 தொடக்கம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கடலோரத்தில் ஸ்டின்சன் பீச் என்று ஒரு சின்ன ஊர். அப்போது 'கிரேட்ஃபுல் டெட்' என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் முன்னணி கிதார்காரர் ஜெர்ரி கார்சியா அங்கே குடியிருந்தார். பக்கத்திலேயே மாண்டலின்காரர் டேவிட் கிரிஸ்மனும் பாடகர் பீட்டர் ரோவனும் இருந்தார்கள். சாயங்காலமானால் ஒன்றாக உட்கார்ந்து பழைய பாட்டுகளை வாசிப்பார்கள். அந்தப் பழக்கம்தான் குழுவாக மாறியது. கார்சியாவோடு வேறு மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்த ஜான் கான் பேஸ் வாசிக்க வந்தார். பிடிலுக்கு முதலில் ரிச்சர்ட் கிரீன் வந்து போனார். அப்புறம் வாஸர் கிளெமெண்ட்ஸ் வந்தார்.

ராக் நட்சத்திரம் ஒருவர் பொழுதுபோக்காகக் கிராமிய இசை வாசித்த கதை என்று இதைச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. கார்சியா முதலில் பேஞ்சோக்காரர். 1960களின் தொடக்கத்தில் பாலோ ஆல்ட்டோ பக்கம் பேஞ்சோவும் கையுமாகத் திரிந்தவர். 1964இல் ஒரு நண்பரோடு காரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே போய், கச்சேரி கச்சேரியாக ப்ளூகிராஸைத் தேடிக் கேட்டிருக்கிறார். அந்தப் பயணத்தில்தான் பென்சில்வேனியாவில் ஒரு கச்சேரி நடந்த இடத்தில் கிரிஸ்மனைச் சந்தித்தார். மறுவருஷம் மின்கிதாருக்கு மாறி, 'கிரேட்ஃபுல் டெட்' ஆகப் போகிற குழுவைத் தொடங்கினார். ரோவனோ பில் மன்ரோவின் குழுவிலேயே கிதார் வாசித்துப் பாடியவர். வாஸர் கிளெமெண்ட்ஸ் இன்னும் பழைய ஆள். 1949 வாக்கிலேயே மன்ரோவிடம் பிடில் வாசித்தவர், நடுவில் இசையை விட்டு வேறு வேலைகளுக்குப் போய்த் திரும்பியவர். 1972இல் வந்த 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' ஆல்பத்தில் அவருடைய பிடிலைக் கேட்ட இளைஞர்கள் யார் இவர் என்று தேடத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே இந்தக் குழுவில் இருந்தவர்கள் ப்ளூகிராஸ் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்கள் அல்ல. அந்த வீட்டில் வளர்ந்து, வெளியே போய்ச் சுற்றிவிட்டு வந்தவர்கள்.

குழுவின் ஆயுள் மிகக் குறைவு. 1973க்குள் பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் வேலை இருந்தது, கலைந்துவிட்டார்கள். நல்லவேளையாக, 1973 அக்டோபர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவின் 'போர்டிங் ஹவுஸ்' என்ற அரங்கில் அவர்கள் வாசித்ததை ஆவ்ஸ்லி ஸ்டான்லி ஒலிநாடாவில் பிடித்துவைத்திருந்தார். 'பேர்', அதாவது கரடி, என்று எல்லாரும் கூப்பிட்ட மனிதர். எல்எஸ்டி என்ற போதைப்பொருளைத் தயாரித்ததற்காகச் சிறைக்குப் போய் வந்தவர் என்பதால் அவர் பெயர் வேறு வகையிலும் பிரபலம். ஆனால் ஒலியமைப்பில் அவர் காது அபாரமானது. தான் ஒலியமைத்த கச்சேரிகளைப் பதிவு செய்துவைத்து, தன் வேலை எப்படி இருந்தது என்று பின்னால் போட்டுக் கேட்பது அவர் வழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் இந்த ஆல்பமே நமக்குக் கிடைத்தது.

போர்டிங் ஹவுஸ் பெரிய இடம் அல்ல. நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் 1977இல் வெளியிட்ட தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் இதே அரங்கில்தான். அவரும் பேஞ்சோக்காரர் என்பது எனக்கு இனிமையான தற்செயல். ஸ்டான்லி எடுத்த பதிவில் அந்த அரங்கின் அளவு கேட்கிறது. கைதட்டல் தூரத்திலிருந்து வரும் இரைச்சலாக இல்லை. முன்வரிசையில் யார் சிரித்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம்போல இருக்கிறது. கருவிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிக்கவில்லை. பிடில் மேலே எழும்பும்போது மாண்டலின் வெட்டு அதன் அடியில் தெளிவாக நிற்கிறது. பிறகு உட்கார்ந்து ஒட்டுப்போட்ட ஒலி இல்லை இது. அன்று ராத்திரி காற்றில் இருந்தது அப்படியே நாடாவில் ஏறியிருக்கிறது.

ஆல்பம் வெளிவந்தது 1975 பிப்ரவரியில், கார்சியா பங்குகொண்ட 'ரவுண்ட் ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்தின் வழியாக. அதாவது, கேட்டவர்கள் கையில் இசைத்தட்டு வந்து சேர்ந்தபோது குழுவே கிடையாது. முதல் ஆல்பம் வெளியிட்டு, ஊர் ஊராகப் போய் வாசித்து ஆதரவு திரட்டுவதுதான் எந்தக் குழுவும் செய்வது. இவர்களுக்கு அது எதுவும் இல்லை. இசைத்தட்டு தன்னந்தனியாகத்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஆனால் காலம் கைகொடுத்தது. கிரேட்ஃபுல் டெட் 1974 அக்டோபரில் கச்சேரிகளை நிறுத்திவிட்டு நீண்ட ஓய்வுக்குப் போயிருந்தது. 1975 முழுக்க அவர்கள் மேடையேறியது நான்கே தடவை. வருஷம் முழுக்கக் குழுவின் பின்னாலேயே ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருந்த ரசிகர்களுக்குத் திடீரென்று போக இடமில்லை. அந்த நேரத்தில் கார்சியாவின் பெயர் போட்ட ஒரு மேடைப்பதிவு கடைக்கு வந்தால் விடுவார்களா? வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டால் கார்சியாவின் கிதார் இல்லை. பேஞ்சோ!

அன்றைக்குச் சராசரி அமெரிக்க நகரத்து இளைஞருக்குப் பேஞ்சோ என்றால் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்புப் பாட்டு, அல்லது சினிமாவில் கார் துரத்தும் காட்சி. மலைநாட்டு ஆட்களைக் கேலி செய்யப் பயன்பட்ட ஓசை. 1973இல் 'டெலிவரன்ஸ்' படத்தின் பேஞ்சோ-கிதார் இசை ரேடியோவில் ஓயாமல் ஓடியதுகூட அந்தப் பிம்பத்தை மாற்றவில்லை. இந்த ஆல்பத்தில் அந்தக் கேலி சுத்தமாக இல்லை. முடி வளர்த்த, கஞ்சா பாட்டு பாடுகிற ஆட்கள், கார்ட்டர் ஸ்டான்லி எழுதிய 'ஒயிட் டவ்' என்ற சோகப் பாட்டை, இறந்துபோன தாய் தந்தையை நினைத்து அழுகிற பாட்டை, ஒரு துளி விளையாட்டும் இல்லாமல் மூன்று குரலில் பாடுகிறார்கள். கேட்ட இளைஞர்களுக்கு இது தங்கள் அண்ணன்மார் பாடுவதுபோல இருந்திருக்கும். தாத்தா காலத்து இசை என்று ஒதுக்க முடியவில்லை.

கார்சியாவுக்காக வாங்கியவர்கள் வாஸருக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் என் பார்வையில் இந்த ஆல்பத்தின் உயிர் அந்தப் பிடில்தான். குழுவில் மற்றவர்கள் முப்பதை ஒட்டியவர்கள். அவருக்கு 45 வயது. ஆனால் அன்று மேடையில் யார் இளையவர் என்று காதை வைத்துச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வீர்கள். வில்லை நீளமாக இழுத்து, சுரத்தின் நடுவில் நேராகப் போய் உட்காராமல் கீழேயிருந்து வழுக்கி ஏறுகிறார். ஜாஸ் கேட்டு வளர்ந்த காது அது. 'கிஸ்ஸிமி கிட்' என்ற வாத்திய இசை அவரே அமைத்தது. ஃப்ளோரிடாவில் அவர் வளர்ந்த ஊரின் பெயர் கிஸ்ஸிமி. குழுவில் மற்றவர்கள் அங்கே அவரைத் துரத்திக்கொண்டு ஓடுவதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது.

பாட்டுத் தேர்வும் பெரிய காரணம். 'பிக் இன் எ பென்' என்ற பழம்பாட்டில் தொடங்குகிறது. நாலைந்து பாட்டுக்குள் ரோவன் எழுதிய புதுப்பாட்டு, கிரிஸ்மன் எழுதிய புதுப்பாட்டு எல்லாம் வந்துவிடுகின்றன. இரண்டாம் பக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் வெளியிட்ட 'வைல்ட் ஹார்ஸஸ்' இருக்கிறது. ராக் கேட்டவர்களுக்கு மனப்பாடமான பாட்டு. அதை ரோவன் ஏக்கத்தோடு இழுத்துப் பாடி, கூட்டுக்குரலில் மற்றவர்கள் சேரும்போது, இந்தப் பாட்டு மலையடிவாரத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. தெரிந்த பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத இசைக்குள் நடந்துபோக முடிந்தது. ரோவனின் 'பனாமா ரெட்'டும் அப்படித்தான். 'நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' என்ற குழு 1973இலேயே அதை வெளியிட்டிருந்ததால் பலருக்கு ஏற்கெனவே பழக்கம்.

இனி அடுத்த பக்கம். ப்ளூகிராஸிலேயே ஊறியவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்களுடைய முக்கியமான குறை கார்சியாவின் பேஞ்சோ. அந்தக் குறை நியாயமானது, மறைக்க வேண்டியதில்லை. ஸ்க்ரக்ஸ் வழியில் பேஞ்சோவுக்கு வேண்டியது மூன்று விரல்கள்: கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல். சின்ன வயதில் விறகு வெட்டும்போது நடந்த விபத்தில் கார்சியாவின் வலதுகை நடுவிரலின் பெரும்பகுதி போய்விட்டது. அதோடு மின்கிதாருக்குப் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டால் தெரிகிறது: சில இடங்களில் சுரங்கள் சீராக உருளாமல் தடுக்குகின்றன, வேகப் பாட்டுகளில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஆனால் மெதுவான பாட்டுகளில் அவர் விடும் இடைவெளிகள் அழகு. கிதாரில் அவருக்கே உரிய அந்த யோசித்து யோசித்து நடக்கும் பாணி பேஞ்சோவிலும் வருகிறது.

இன்னொரு குறை நீளம். ரேடியோவுக்கும் பழைய இசைத்தட்டுக்கும் பழகிய ப்ளூகிராஸ் பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டாது. இங்கே 'மிட்நைட் மூன்லைட்', 'லேண்ட் ஆஃப் தி நவஹோ' இரண்டும் அதைப்போல இரு மடங்கு ஓடுகின்றன. பாலைவனத்துப் பழங்குடியினரான நவஹோக்களின் பெயர் தாங்கிய பின்னதுதான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அதன் இறுதியில் ரோவன் சொற்களை விட்டுவிட்டுக் குரலை மட்டும் மேலே மேலே எறிந்து கூவுகிறார். அதைத் தேவையற்ற நீட்டல் என்றவர்கள் இருக்கிறார்கள். நான் மாறுபடுகிறேன். மன்ரோவின் பாட்டில் இருந்த அதே ஏக்கத்தை ரோவன் பாலைவனத்தில் கொண்டுபோய் விடுகிறார். அதற்கு மூன்று நிமிடம் பற்றாது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், அதே 1975இல் பேஞ்சோக்காரர் ஜே.டி. குரோவ் தன் 'நியூ சவுத்' குழுவோடு வெளியிட்ட ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோனி ரைஸ், ரிக்கி ஸ்காக்ஸ், ஜெர்ரி டக்ளஸ் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஒரு சுரம் பிசகாத ஆல்பம். கருவி வாசிப்பவர்கள் அதை ரவுண்டர் என்ற இசைத்தட்டு நிறுவனம் கொடுத்த எண்ணைச் சொல்லி '0044' என்றே பக்தியோடு குறிப்பிடுவார்கள். எப்படி வாசிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள விரும்பியவர்கள் அதை எடுத்தார்கள். நம் கேள்விக்குரிய ஆல்பத்தை எடுத்தவர்கள் பெரும்பாலும் எந்தக் கருவியும் வாசிக்காத ரசிகர்கள். ஆல்பத்தின் மதிப்பு பற்றிய கருத்து வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கை சுத்தத்தைப் பார்க்கிறவர்களுக்கு 0044. ஐந்து நண்பர்கள் ஒருவர் வாசிப்பை ஒருவர் ரசித்துக்கொண்டு வாசிக்கும் சந்தோஷத்தைக் கேட்க நினைப்பவர்களுக்கு இது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன, எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பல ஆண்டுகளுக்கு, மிக அதிகமாக விற்ற ப்ளூகிராஸ் ஆல்பம் என்ற பெயர் இதற்கு இருந்தது. 2000இல் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தின் இசை ஆல்பம் வந்து அந்த இடத்தைப் பிடித்தது என்று சொல்வார்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய படமும், 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருதும் இருந்தன. இதற்குப் பின்னால் கலைந்துபோன ஒரு குழுவைத் தவிர எதுவும் இல்லை.

விற்பனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதைக் கேட்டு எழுந்து வந்தவர்கள். 1990களில் 'லெஃப்டோவர் சால்மன்', 'யோண்டர் மவுண்டன் ஸ்ட்ரிங் பேண்ட்' போன்ற குழுக்கள் ப்ளூகிராஸ் கருவிகளோடு ராக் கச்சேரிபோல நீளமாக வாசித்து ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்த்தன. இன்று பில்லி ஸ்டிரிங்ஸ் என்ற ப்ளூகிராஸ் கிதார்காரர் பெரிய உள்ளரங்குகளை நிரப்புகிறார். இந்தப் பாதையில் பின்னோக்கி நடந்தால் போர்டிங் ஹவுஸ் வாசலுக்கும் வந்து சேர்வீர்கள். கார்சியாவும் 'மிட்நைட் மூன்லைட்'டை விடவில்லை. தன் சொந்த இசைக்குழுவோடு வருஷக்கணக்கில் மின்கிதாரில் வாசித்தார். 1991இல் கிரிஸ்மனோடு சேர்ந்து இன்னொரு ஆல்பமும் கொண்டுவந்தார்.

எப்படிக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் தடவை வரிசையாகக் கேட்க வேண்டாம். 'வைல்ட் ஹார்ஸஸ்' போடுங்கள், உடனே 'கிஸ்ஸிமி கிட்', அடுத்து 'ஒயிட் டவ்'. ஆல்பத்திலும் அவை அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. தெரிந்த பாட்டு, பிடில் பாய்ச்சல், பழைய சோகம் என்று பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழுவின் மூன்று முகமும் தெரிந்துவிடும். பிடித்தால் முதலிலிருந்து முழுதாக ஒரு தடவை. அதுவும் பிடித்தால், அதே அக்டோபர் பதிவுகளிலிருந்து கிரிஸ்மன் தன் 'அக்கூஸ்டிக் டிஸ்க்' நிறுவனம் வழியாக 1996, 1997இல் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன.

கார்சியா 1995இல் போய்விட்டார், மறுவருஷம் ஜான் கான். குழுவின் பெயர் கிரிஸ்மன் எழுதிய பாட்டிலிருந்து வந்தது. வயதாகி, யாருக்கும் வேண்டாதவராகி, வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பற்றிய பாட்டு. அதைப் பாடியபோது கிரிஸ்மனுக்கு 28 வயது. 2002இல் அவரும் ரோவனும் வாஸரும், கார்சியாவின் இடத்தில் ஹெர்ப் பெடர்சனை பேஞ்சோவுக்கு வைத்துக்கொண்டு மறுபடி ஒரு ஆல்பம் செய்தார்கள். இந்தத் தடவை அதற்கு 'ஓல்ட் அண்ட் இன் தி கிரே' என்று பெயர். வயதாகி, நரைத்தும் போனவர்கள். வாஸருக்கு அப்போது 74. அதிலும் சுரத்தின் நடுவில் நேராகப் போய் உட்காராமல் கீழேயிருந்துதான் வழுக்கி ஏறுகிறார்.